மாமன் தோள்

அத்தியாயம் 11

பொன்னுவேலின் ஜீப்புக்கு எந்தக் கோளாறும் இல்லை என்பது தாண்டிக்குடியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் பொன்னுவேல். இன்னொருத்தி அவன் மனைவி தாரணி.

போன வாரம் பண்ணைக்காட்டுப் பாதையில், காப்பிப் பழம் பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு வளைவில் வண்டி தடுமாறி நின்றது அல்லவா? இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றானே. உண்மையில் அந்த இன்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. கண் செருகியது ஓட்டினவனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணிதான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். முக்கியமாகத் தங்கை முருகேஸ்வரியிடம்.

முருகேஸ்வரிக்கு ஏன் தெரியக் கூடாது என்றால், அதற்குக் காரணம் அவள் வைத்த வேண்டுதல். கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரையே புரட்டிப் போட்டபோது பொன்னுவேல் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜனோடு கிடந்தான். முருகேஸ்வரி பழனியில் கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். போய்ப் பார்க்க வழியில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். என் அண்ணன் எழுந்து வந்துவிட்டால், அவனே என் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவான், நடுவில் ஒரு இடத்திலும் பிள்ளையின் கால் தரையில் படாது, அதுவரைக்கும் பிள்ளை தலையில் கத்தி வைக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து வந்தான். பிள்ளை தமிழ்மதிக்கு முடி வளர்ந்தது. முதல் வருஷம் வண்டிக்கு எஃப்.சி. என்றான். அடுத்த வருஷம் காப்பி சீசன். அதற்கடுத்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தமிழ்மதி இரட்டைச் சடை போட்டுக்கொண்டு எல்.கே.ஜி. போக ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் பேன் பிடித்துக்கொண்டு வந்த பிறகும் மாமன் வரவில்லை. சீர் செய்ய மனசில்லாமல் தள்ளிப்போடுகிறான் என்று முருகேஸ்வரியின் நாத்தனார் குப்பம்மாள் அடிவாரக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். முருகேஸ்வரி அதை நம்பவில்லை. ஆனால் போன மாதம் பேசும்போது அண்ணன் என்று கூப்பிடாமலே பேசி முடித்துவிட்டாள். அதுதான் அவனைக் கிளப்பியது.

ஆக, இன்று போகிறார்கள்.

விடியும் முன்பே கிளம்பிய ஜீப் பெருமாள்மலை தாண்டி பழனி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுவது பொன்னுவேல்தான். அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி சண்முகராஜை ஓட்டச் சொல்லலாம் என்று தாரணி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். தாய்மாமன் சீர்த்தட்டோடு இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் போய் இறங்குவதா என்று கேட்டுவிட்டான். ஆகவே தாரணி முன் சீட்டில் ஒரு கையைக் கம்பியிலும் மறு கையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு வந்தாள். வழி நெடுகப் பாதையை அவள் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு இப்பிடி முறைச்சுப் பாத்துக்கிட்டே வாறவ?" என்றான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலைங்க. முருகேஸ்வரிகிட்ட நான் பக்குவமாச் சொல்லுதேன். பிள்ளைய விஞ்சு ரயில்ல ஏத்திக்கிட்டுப் போயிருவோம்."

"கீழ போனாச் சரியாயிரும் தாரணி. நம்ம மேல காத்து லேசு. அதான் இழுக்குது. பழனியில காத்து கெட்டியா இருக்கும்."

இந்தக் காற்றுக் கணக்கு அவனே கண்டுபிடித்தது. மலைமேல் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. எது வந்தாலும் பழியை மலைமேல் போட்டுவிடலாம். குளிரில் மூச்சு வாங்குகிறது, பனியில் நெஞ்சு அடைக்கிறது, ஏற்றத்தில் படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கிற டீக்கடைக்கும் ஜீப்பிலேயே போகிறவனைப் பார்த்து, பொன்னுவேலுக்குக் கால் வளைய மாட்டேங்குது, சோம்பேறி ஆகிவிட்டான் என்று ஊர் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டி, பார் தொண்ணூத்தாறு என்று மனைவியிடம் காட்டுவான். உட்கார்ந்த இடத்தில் யாருக்குத்தான் தொண்ணூத்தாறு வராது?

திண்டுக்கல்லில் இருந்து அனுப்பும்போதே டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து வந்து நெஞ்சை ஸ்கேன் எடுக்க வேண்டும், நுரையீரல் எப்படி இருக்கிறது என்று ஊதிப் பார்க்க வேண்டும். இவன் போகவில்லை. டெஸ்டில் நெகட்டிவ் என்று வந்த அன்றைக்கே தன் வியாதி முடிந்துபோனதாக முடிவு கட்டிவிட்டான். இந்த இடத்தில் தாரணியையும் நான் சும்மா விடுவதாக இல்லை. அவளுக்கும் அன்றைக்கு அதை நம்பத்தான் பிடித்திருந்தது.

அடிவாரத்தில் ஐயப்ப சாமிகளின் கூட்டம். கார்த்திகை மாதம் வேறு. முருகேஸ்வரியின் புருஷன் பழனிக்குமார் அடிவாரத்தில் அபிஷேகச் சாமான் கடை வைத்திருப்பவன். கடையைப் பூட்டிவிட்டுப் பட்டு வேட்டியோடு நின்றான். முருகேஸ்வரி ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்துட்டியாண்ணே என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பம்மாள் மட்டும் சீர்த்தட்டுகளை ஒரு நோட்டம் விட்டு, பரவாயில்லை என்கிற மாதிரித் தலையாட்டினாள்.

முடிக்கொட்டகையில் தமிழ்மதி அழவே இல்லை. சடை இரண்டும் கீழே விழுந்தபோது அவளுடைய அம்மாதான் அழுதாள். குளிக்க வைத்து, தலை முழுக்கச் சந்தனம் பூசி, மாமன் எடுத்துவந்த மஞ்சள் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அதுவரைக்கும் பொன்னுவேல் ராஜா மாதிரி இருந்தான். உட்கார்ந்து செய்கிற சடங்கில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பிறகு எழுந்தான். தமிழ்மதியைத் தூக்கித் தோளில் வைத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வைத்த வேண்டுதலில் இருந்தது கைக்குழந்தை. இன்று தோளில் ஏறியது இட்லியும் பூரியும் தின்று வளர்ந்த பிள்ளை.

படி வழியாகப் போகாமல் யானைப்பாதையில் போகலாம் என்றான். சரிவாக இருக்கும், குழந்தைக்குக் குலுங்காது என்று காரணம் சொன்னான். குழந்தைக்காகச் சொல்கிறான் என்று முருகேஸ்வரிக்குப் பூரிப்பு. தாரணி அவனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்தாள்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனான். கீழ்க்காற்று கெட்டிதான் போலிருக்கிறது என்று தாரணியே ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்புறம் அவன் நின்றான். அதோ பார் குரங்கு என்று பிள்ளைக்குக் காட்டினான். தமிழ்மதி பிறந்ததில் இருந்து அடிவாரத்தில் வளர்கிறவள். குரங்கா அவளுக்கு அதிசயம்? இன்னும் கொஞ்ச தூரம் போய் பலூன்காரனிடம் நின்றான். சிவப்பா மஞ்சளா என்று ரொம்ப நேரம் கேட்டான். அடுத்த தடவை வேட்டி அவிழ்கிறது என்று மதிலில் சாய்ந்தான். பழனிக்குமார் வந்து கட்டிவிட்டான்.

"மாமா, உன் நெஞ்சு என் காலைத் தட்டுது" என்றாள் தமிழ்மதி.

எல்லோரும் சிரித்தார்கள். தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் அவனுக்கு முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. திண்டுக்கல்லில் இருந்தபோது நர்ஸ் வீடியோ காலில் காட்டுகிற நேரமெல்லாம் அவள் முதலில் பார்ப்பது அந்த உதட்டைத்தான். இந்த நிறம் அவளுக்குத் தெரியும். போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மாட்டேன் என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். பேச மூச்சில்லை.

பாதி வழிக்கு மேல், பாதை வளைகிற இடத்தில் அவன் முழங்கால் மடங்கியது. விழவில்லை. ஒரு காலை ஊன்றி, மறு முழங்காலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போதும் தமிழ்மதியின் இரண்டு கணுக்காலையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். தரையில் பட்டுவிடக் கூடாதே.

பின்னால் வந்த ஐயப்ப சாமிகள் ஒதுங்கிப் போனார்கள். குப்பம்மாளுக்கு வாய் அடங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த மாமன் இந்தத் தூரம்கூடத் தூக்க மாட்டானா, ஜீப்பில் குந்திக் குந்தி உடம்பு கெட்டுப்போச்சு என்று பக்கத்தில் போகிறவர்களிடமெல்லாம் முறையிட்டாள். முருகேஸ்வரி அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட வலியாக இருந்தது.

"கனக்குதாண்ணே என் பிள்ள?"

அவன் எழப் பார்த்தான். முடியவில்லை. மறுபடியும் எழப் பார்த்தான்.

தாரணி குனிந்தாள். அவன் தோளில் இருந்து தமிழ்மதியைத் தூக்கினாள். தூக்கி, பாதையில் நிற்க வைத்தாள். சந்தனத் தலையோடு பிள்ளை வெறுங்காலில் கல்தரையில் நின்றது.

குப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சத்தியத்த ஒடச்சிட்டேன். எது வந்தாலும் என் தலையில வரட்டும்" என்றாள் தாரணி. அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அவனால் ஏற்றம் ஏற முடியவில்லை என்றாள். ராத்திரியில் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறான், சும்மா இருக்கும்போதே நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, போன வாரம் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டியிலேயே கண் செருகிவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். பொன்னுவேல் நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

முருகேஸ்வரியின் முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் அவள் கோபப்பட்டது அண்ணன்மேல் இல்லை.

"தெரிஞ்சும் பிள்ளையத் தூக்க விட்டீங்களா மதினி? என் புருசனுக்கு இப்பிடின்னா நான் ரோட்டுல படுத்துத் தடுத்திருப்பேன்."

அந்த வார்த்தை தாரணிக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல நேரமில்லை. பழனிக்குமார் ஓடிப்போய் மேலே முதலுதவி அறையில் இருந்து ஆட்களைக் கூட்டி வந்துவிட்டான். மாஸ்க்கை வைத்து, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் குப்பம்மாள் தமிழ்மதியின் கையைப் பிடித்தாள். பிள்ளையை மேலே கூட்டிக்கொண்டு போகிறேன், நீயும் வா என்று முருகேஸ்வரியை அழைத்தாள். முருகேஸ்வரி எரிந்து விழுந்தாள். அண்ணன் இந்த நிலையில் கிடக்கும்போது சாமி கும்பிடுவதா என்றாள்.

"ஏத்தா, ஒனக்குப் புரியலையா?" என்றாள் குப்பம்மாள். அவள் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை. "ஒங்க அண்ணன் கெடந்த அதே மாசந்தான் என் வீட்டுக்காரரும் கெடந்தாரு. நீ வேண்டிக்கிட்ட, ஒங்க அண்ணன் எந்திரிச்சு வந்தாரு. எனக்கு வேண்டிக்கக்கூட நேரங் கெடைக்கல. பாதியில எறங்குனா என்ன ஆகும்னு பயந்துதாந்தா சொல்லுதேன். நானாச்சும் கொண்டுபோய்க் காட்டிட்டு வாறேன்."

இத்தனை வாரமாக நீங்களும் நானும் குப்பம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தோம். இனிமேல் கொஞ்சம் பார்த்துத் திட்டுவோம்.

முருகேஸ்வரி மேலே பார்த்தாள். கோபுரம் பக்கத்தில் தெரிந்தது. கீழே பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது. புருஷனிடம், நீங்க பிள்ளைகூடப் போங்க என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். மொட்டை போட்ட பிள்ளையை மேலே விட்டுவிட்டு சாமி பார்க்காமல் பாதியில் இறங்கி ஓடுகிற தாயை எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது பிரியா என்று ஒரு இளம் டாக்டர். ஈ.சி.ஜி. எடுத்தாள். நெஞ்சில் குழாயை வைத்து, முதுகில் வைத்து, இழுத்து மூச்சு விடச் சொல்லி நிதானமாகக் கேட்டாள். கொரோனா எப்போது வந்தது, எத்தனை நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள், அதற்கப்புறம் எங்கே காட்டினீர்கள் என்று விசாரித்தாள். நெகட்டிவ்னு சொல்லிட்டாங்களே டாக்டர் என்றான் பொன்னுவேல்.

"நெகட்டிவ்னா கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம். போகும்போது அது உள்ளே என்ன செஞ்சு வச்சிட்டுப் போச்சுன்னு நீங்க பார்க்கவே இல்லையே" என்றாள் அவள்.

பிறகு தாரணியையும் முருகேஸ்வரியையும் தனியே அழைத்துச் சொன்னாள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறது. நுரையீரலில் தழும்பு விழுந்து விறைத்துப் போயிருக்கலாம். இதயம் வீங்கியிருக்கிறதா என்பது எக்கோ எடுத்தால்தான் தெரியும். அன்றைக்குக் கடுமையாகப் படுத்தவர்களில் சிலருக்கு இப்படி வருஷக் கணக்கில் தொடர்கிறது. மருந்து இருக்கிறது, மூச்சுப் பயிற்சி இருக்கிறது, நிறையப் பேர் தேறி வருகிறார்கள். ஆனால் இவர் எந்த அளவில் இருக்கிறார் என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. திண்டுக்கல்லுக்கு இப்போதே அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஒரு படி ஏறக் கூடாது. வண்டியைத் தொடவே கூடாது.

வண்டியைத் தொடக் கூடாது என்றதும் தாரணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஜீப்தான் அவர்கள் வீட்டு அடுப்பு.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். தாரணியும் முருகேஸ்வரியும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் வந்தார்கள். மலையில் சொன்ன வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. முருகேஸ்வரி மன்னிப்புக் கேட்கவில்லை. ஒதுங்கி வழி விட்டாள். தாரணியும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள்.

கதவைச் சாத்தப் போகும்போது பொன்னுவேல் முகத்தில் இருந்த மாஸ்க்கை விலக்கினான். தங்கையின் கையைப் பிடித்தான்.

"ஒன் பிள்ள கனக்கல முருகேசு. எனக்குப் பயமாயிருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அண்ணன் வாயில் இருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கொண்டை ஊசி வளைவில் ராத்திரி மழையில் வண்டியைத் திருப்புகிறவன். அப்பா செத்த அன்றைக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தவன். நான் ஒருத்தி வேண்டுதலைச் சொல்லிச் சொல்லியே இவனை வாய் திறக்க விடாமல் செய்துவிட்டேனே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் ஆகாதுண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வண்டி சத்தம் போட்டுக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் திரும்பியது. போன் அடித்தது. பழனிக்குமார்.

பின்னால் தமிழ்மதி அழுகிற சத்தம் கேட்டது. யார் தூக்கினாலும் வர மாட்டேன் என்கிறாள், மாமன்தான் தூக்கணும் என்று பாதையிலேயே நிற்கிறாள், அக்கா தூக்கப் பார்த்தால் கடிக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டான். நீ இறங்கி வந்ததில் இருந்து இரண்டு பேரும் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம், இன்னும் மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை என்றான்.

முருகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் தூக்க வேணாம்" என்றாள். "கையப் பிடிச்சுக்கிட்டு நடக்க விடுங்க. அவளுக்குக் காலு இருக்குல்ல."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, திண்டுக்கல் பஸ் பிடிக்க வெரசாக நடந்தாள்.